ஆவணமும் வினாவும்: தொடக்ககால வரலாற்று நாவலில் கடந்தகாலம் தெரிவுசெய்யப்பட்ட முறை
('மோகனாங்கி'யை மையமாகக் கொண்ட ஓர் ஒப்பாய்வு)

முன்னுரை

தமிழ் வரலாற்று நாவல் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாண்டு வந்துள்ளன. நாவல் கூறும் செய்தி வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது ஒன்று. பழம்பெருமையை அது எவ்வளவு உயர்த்திக் காட்டுகிறது என்று மதிப்பிடுவது மற்றொன்று. முன்னையது வரலாற்றாசிரியரின் அளவுகோல். பின்னையது மேடைப் பேச்சாளரின் அளவுகோல். இரண்டுக்கும் அவற்றுக்குரிய பயன் உண்டு. ஆயினும் இவ்விரண்டாலும் விடை காண இயலாத அடிப்படைக் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுக் கடந்தகாலம் கண்முன் விரிந்து கிடக்க, ஒரு நாவலாசிரியர் அவற்றுள் ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன்?

நாவலாசிரியரின் விருப்பம் என்பது இதற்குப் போதிய விடையாகாது. அவர் எழுத அமரும்போது எந்தக் காலத்துக்குரிய சான்றுகள் அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தன என்பது முதற் காரணி. அவர் வாழ்ந்த சமூகம் எந்த வினாவோடு போராடிக்கொண்டிருந்தது என்பது இரண்டாம் காரணி. காலத்தை ஆவணம் தருகிறது. வினாவை நிகழ்காலம் தருகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலேயே நல்ல வரலாற்று நாவல் பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இக்கருதுகோளைச் சோதிக்கத் தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படும் 'மோகனாங்கி' (1895) முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒப்பீட்டின் பொருட்டுத் தொடக்ககால அமெரிக்க நாவலாசிரியர் சிலரும், அதே ஆண்டுகளில் இலண்டனின் தென்புறத்துக் குரோய்டனில் எழுதப்பட்ட ஓர் ஆங்கில வரலாற்று நாவலும், பின்னாளைய தமிழ் எழுத்துகள் சிலவும் துணைச் சான்றுகளாகின்றன. அமெரிக்க எழுத்து ஒப்பீட்டுக்குத் தகுந்தது என்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கில நாவல் என்னும் வடிவத்தை வெளியிலிருந்து பெற்றுக்கொண்டு, அவ்வடிவத்துக்குள் இன்னும் ஒழுங்காக எழுதப்படாத தன் கடந்தகாலத்தை வைக்க முயன்ற நிலை இரண்டு இலக்கியங்களுக்கும் பொதுவானது.

'சரித்திரம்' என்னும் சொல்

தமிழ் நாவலின் முதல் இருபது ஆண்டுகளில் வெளிவந்த நூற்பெயர்களை வரிசைப்படுத்தினால் ஒரு செய்தி தெளிவாகும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885), 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த இராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்', அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (1898) ஆகிய யாவும் 'சரித்திரம்' என்றே தம்மை அழைத்துக்கொள்கின்றன. இவற்றுள் எதுவும் இன்றைய பொருளில் வரலாற்று நாவல் அன்று.

இச்சொல்லாட்சி தற்செயலானது எனக் கொள்ள இயலாது. தமிழில் 'சரித்திரம்', 'வரலாறு' ஆகிய இரு சொற்களும் நாட்டின் கதையையும் தனியொருவரின் வாழ்க்கைக் கதையையும் ஒருங்கே குறிப்பவை. புராணமும் காவியமும் அறிந்த வாசகருக்கு, உரைநடையில் அமைந்த இப்புதிய கதை வெறும் கட்டுக்கதை அன்று, நடந்ததற்கு ஒப்பானது என்று உறுதி கூற வேண்டிய தேவை அந்நாவலாசிரியர்களுக்கு இருந்தது. அவ்வுறுதியை அச்சொல் வழங்கியது.

அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. அந்நாட்டின் முதல் நாவலாகப் பொதுவாகக் குறிக்கப்பெறும் வில்லியம் ஹில் பிரவுனின் 'பரிவின் ஆற்றல்' (1789), உண்மையை அடித்தளமாகக் கொண்டது என்று தன் முகப்பிலேயே அறிவித்துக்கொண்டது. பொஸ்டன் நகரத்தவர் அப்போது நன்கறிந்திருந்த குடும்பத் துயரம் ஒன்று அதனுள் இடம்பெற்றது. ஹன்னா வெப்ஸ்டர் ஃபோஸ்டர் 1797இல் வெளியிட்ட நாவல், 1788இல் விடுதியொன்றில் தனித்து இறந்த எலிசபெத் விற்மன் என்னும் பெண்ணின் கதையைத் தழுவியது. கற்பனையை ஐயத்துடன் நோக்கிய தூய்மைவாதக் கிறித்தவச் சமூகத்தில், 'இது நடந்தது' என்னும் கூற்றே நாவலுக்கு நுழைவுச் சீட்டாக அமைந்தது.

ஆகவே தொடக்ககால நாவலில் வரலாறு முதலில் நுழைந்தது பொருளாக அன்று. நம்பகத்தன்மைக்குரிய முத்திரையாகவே எனலாம். இப்பின்புலத்தில் நோக்கும்போது, உண்மையான அரசர்களையும் உண்மையான போர்ச்சூழலையும் எடுத்துக்கொண்ட 'மோகனாங்கி' தன் பெயரில் 'சரித்திரம்' என்னும் சொல்லைத் தாங்காதது கவனிக்கத்தக்கது. வரலாறு உள்ளே வந்தபின் முத்திரை வெளியே தேவைப்படவில்லை.

சுங்கச் சாவடியும் சுவடி நிலையமும்

வோல்டர் ஸ்கொட்டின் 'வேவர்லி' 1814இல் வெளிவந்ததன் பின்னர் வரலாற்று நாவல் என்பது தனி வகையாக நிலைபெற்றது. அதனை அமெரிக்க மண்ணில் நட்டவர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். அவருக்கு எதிரே இருந்த இடர் வெளிப்படையானது. கோட்டைகளோ மடாலயங்களோ பழங்குடிப் பிரபுக்களோ அவர் நாட்டில் இல்லை. எனவே அவர் அண்மைக் காலத்துக்குத் திரும்பினார். 'ஒற்றன்' (1821) விடுதலைப் போரை எடுத்துக்கொண்டது. அப்போரை நேரில் கண்டோர் அன்று உயிருடன் இருந்தனர். 'மொஹிக்கரில் இறுதியானவன்' (1826) 1757இல் வில்லியம் ஹென்றிக் கோட்டையில் நிகழ்ந்த முற்றுகையையும் படுகொலையையும் பின்னணியாகக் கொண்டது. பழங்குடி மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுக்குப் பெரிதும் துணைநின்றது மொரேவிய மதபோதகர் ஹெக்கவெல்டர் 1819இல் வெளியிட்ட நூல். கையில் இருந்த சான்று எவ்வளவு தூரம் சென்றதோ அவ்வளவு தூரமே கூப்பரின் கடந்தகாலமும் சென்றது.

நதானியேல் ஹோதோர்னின் நிலை இதனினும் நுட்பமானது. 1846 முதல் 1849 வரை சேலம் துறைமுகச் சுங்கச் சாவடியில் அலுவலராக இருந்த அவர், 1850இல் வெளியிட்ட 'செந்நிற எழுத்து' நாவலுக்கு நீண்ட முகவுரை ஒன்றை எழுதினார். அச்சாவடியின் மாடியறையில் பழைய தாள்கட்டு ஒன்று கிடைத்ததாகவும், அதில் முன்னாள் அலுவலர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பும் கிழிந்த துணியாலான ஓர் எழுத்தும் இருந்ததாகவும் அம்முகவுரை கூறுகிறது. அலுவலர் உண்மையில் வாழ்ந்தவர். குறிப்பு ஹோதோர்னின் புனைவு. 1692இன் சேலம் சூனியக்காரி வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்தோருள் ஒருவர் ஹோதோர்னின் மூதாதை. அந்த வழக்குகளின் பதிவேடுகள் இருந்தன. ஆயினும் தண்டிக்கப்பட்ட பெண்ணின் அகத்தை அறியும் ஆவணம் எதுவும் இல்லை. இல்லாத ஆவணத்தை நாவலாசிரியர் இயற்றினார். ஆவணம் நின்றுவிடும் எல்லையில் நாவல் தொடங்குகிறது என்பதை அம்முகவுரை ஒரு நாடகமாகவே நிகழ்த்திக் காட்டுகிறது.

ஹோதோர்ன் ஆவண அறையில் கண்டெடுத்ததாகப் பாவனை செய்தார். தமிழின் முதல் வரலாற்று நாவலாசிரியரோ அத்தகைய அறையொன்றிலேயே பணியாற்றினார். திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை (1865–1902), தமிழறிஞர் த. கனகசுந்தரம்பிள்ளையின் இளவல், சென்னை மாநிலக் கல்லூரியில் அமைந்திருந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராக இருந்தவர். கொலின் மெக்கன்சி தென்னிந்தியா எங்கும் திரட்டிய கைபீதுகளும் வமிசாவளிகளும் ஊர் வரலாறுகளும் அந்நிலையத்தின் அடித்தளச் சேகரத்துள் அடங்கும்.

இப்பின்னணி, அவர் ஏன் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தைத் தெரிந்தெடுத்தார் என்னும் கேள்விக்கு ஒளி தருகிறது. 1890களின் தொடக்கத்தில் சோழர், பல்லவர் வரலாறு இன்னும் கல்லிலேயே உறைந்திருந்தது. ஹூல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890இல்தான் வெளிவந்தது. இராசராசன் என்னும் பெயர் இன்று தமிழ் வாசகர் நெஞ்சில் எழுப்பும் காட்சிகளுள் பெரும்பாலானவை அன்று எவருக்கும் கிட்டாதவை. மாறாக, மதுரை நாயக்கர் பற்றிய சுவடிகளை வில்லியம் டெய்லர் 1835இலேயே மொழிபெயர்ப்புடன் அச்சிட்டிருந்தார். நெல்சனின் மதுரை மாவட்ட வரலாற்றுநூல் 1868இல் வெளிவந்திருந்தது. சரவணமுத்துப்பிள்ளையின் நாற்காலியிலிருந்து நோக்கினால், தொடர்ச்சியான நிகழ்வுகளுடனும் பெயர்களுடனும் தெரியக்கூடிய தமிழகத்துக் கடந்தகாலம் நாயக்கர் காலமே. அவர் தம் சொந்த மண்ணாகிய ஈழத்தின் கடந்தகாலத்தை விடுத்துத் தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் நாடியதற்கும் இதுவே ஏற்கத்தக்க விளக்கமாகும்.

'மோகனாங்கி'யின் வினா

ஆவணம் அவருக்கு அளித்த நிகழ்ச்சி கொடியது. மதுரை நாயக்கர் மரபின் சொக்கநாதர் (ஆட்சி 1659–1682), தஞ்சை விசயராகவ நாயக்கரிடம் அவர் மகளை மணம் கேட்டார். தஞ்சை மறுத்தது. மறுப்பு போராயிற்று. 1673இல் மதுரைப் படை தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்தபோது, விசயராகவர் அந்தப்புரத்தை வெடிமருந்தால் தகர்க்கச் செய்து, தாமும் போரில் மடிந்தார் என்று வரலாற்றேடுகள் கூறுகின்றன. சில ஆண்டுகளில் தஞ்சை மராத்தியர் வசமாயிற்று. ஒரு மணமறுப்பு ஓர் அரசை அழித்தது என்பதே அவ்வேடுகள் தரும் சுருக்கம். அச்சுருக்கத்தில் மணமகளாகக் கேட்கப்பட்ட பெண் போருக்கான காரணமாக மட்டுமே இடம்பெறுகிறாள். அவள் விரும்பினாளா, வெறுத்தாளா என்று எந்த ஏடும் கேட்கவில்லை.

சரவணமுத்துப்பிள்ளை அக்கேள்வியைக் கேட்டார். நாவலின் பெயரே அப்பெண்ணின் பெயர். சொக்கநாதனுக்கும் மோகனாங்கிக்கும் இடையிலான காதலே கதையின் அச்சு. இரு அரசுகளின் சூழ்ச்சிகளும் பகைமையும் அவ்வச்சினைச் சுற்றியே சுழல்கின்றன. ஆவணத்தில் அரசியற் பண்டமாக இருந்தவள் நாவலில் விருப்பம் உடைய மனிதப் பிறவி ஆகிறாள்.

இம்மாற்றத்தை ஆங்கிலக் காதற்கதைகளின் எதிரொலி என்று ஒதுக்கிவிடலாம். அது பொருந்தாது என்பதற்கு அவருடைய முந்தைய ஆக்கமே சான்று. 1892இல் அவர் வெளியிட்ட 'தத்தை விடு தூது', தூது என்னும் பழைய சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்துப் பெண்ணின் காதலுரிமையையும் பெண் விடுதலையையும் பேசுபொருளாக்கியது. அக்காலத்துப் பொதுவெளியை நோக்கினால் அவ்வினாவின் கூர்மை புரியும். தன் ஒப்புதலின்றிச் சிறுவயதில் நிகழ்ந்த மணத்தை ஏற்க மறுத்த இரக்குமாபாயின் வழக்கு 1880களில் பம்பாயிலிருந்து நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. 1891இன் சம்மத வயதுச் சட்டம், பெண்ணின் வயதெல்லையை 10இலிருந்து 12ஆக உயர்த்தியதற்கே பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. மண விடயத்தில் பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா என்று சமூகம் வாதிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், விருப்பம் கேட்கப்படாத ஒரு பெண்ணால் அழிந்ததாகச் சொல்லப்படும் அரசின் கதையைச் சரவணமுத்துப்பிள்ளை கையில் எடுத்தார். ஆவணமும் வினாவும் ஒன்றையொன்று கண்டுகொண்ட இடம் அது.

நாவலின் எல்லையையும் குறிக்க வேண்டும். ஸ்கொட்டின் நாவல்களில் மையத்தில் நிற்பவன் அரசன் அல்லன். இரு தரப்புக்கும் இடையே அலைக்கழியும் நடுத்தர மனிதன். அவன் வழியாகவே சமூகத்தின் மேற்தளமும் கீழ்த்தளமும் வாசகருக்குத் தெரிகின்றன என்று லூக்காச் விளக்கியுள்ளார். 'மோகனாங்கி'யின் மையத்தில் இருப்போர் அரசகுடியினரே. இதற்குக் காவிய மரபின் செல்வாக்கு ஒரு காரணம். ஆவணத்தின் இயல்பு மற்றொரு காரணம். வமிசாவளிகள் அரசர்களை மட்டுமே அறியும். கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் நாவலின் தோற்றத்தைச் சமூக அமைப்போடு இணைத்துக் காட்டினார். அவ்வழியில் மேலும் ஓரடி சென்று, நாவலின் பாத்திர அமைப்பைச் சுவடி நிலையத்தின் அமைப்போடும் இணைத்து நோக்க வேண்டும் என்பதையே 'மோகனாங்கி' உணர்த்துகிறது.

கல்வெட்டு திறந்த நூற்றாண்டுகள்

இக்கருதுகோள் ஒரு நாவலுக்கு மட்டும் உரியதா என்னும் ஐயம் எழலாம். அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய கல்கியிடம் அதனைச் சோதிக்கலாம்.

1895க்கும் 1941க்கும் இடையே தமிழகக் கடந்தகாலத்தின் ஆவணநிலை முற்றிலும் மாறிவிட்டது. 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1920இல் பதிப்பிக்கப்பெற்றன. துப்ரேய், இரா. கோபாலன் முதலியோர் பல்லவர் வரலாற்றை ஒழுங்குபடுத்தினர். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் வெளிவந்தது. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' 1949இல் தமிழிலேயே வரத் தொடங்கியது. அதன்பின்னரே வரலாற்று நாவல் நாயக்கர் காலத்தை விட்டுப் பின்னோக்கிச் சென்றது: பல்லவர் காலத்துப் 'பார்த்திபன் கனவு' 1940களின் தொடக்கத்திலும், 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையிலும், சோழர் காலத்துப் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையிலும் தொடர்களாக வந்தன. ஆய்வாளர்கள் நூற்றாண்டுகளைத் திறந்த வரிசையிலேயே நாவலாசிரியரும் அவற்றுள் நுழைந்தார்.

வினாவும் அவ்வாறே காலத்திலிருந்து வந்தது. அடிமைப்பட்ட ஒரு நாட்டின் விடுதலைக் கனவு, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் ஆண்டுகளில் எழுதப்பட்டது. 'பொன்னியின் செல்வன்' தொடங்கிய 1950இல் இந்தியா குடியரசானது. மக்கள் வேண்டியும், தம் சிறிய தந்தை அரசை விரும்பியதால் அருள்மொழி அதனை ஏற்கவில்லை என்னும் செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் உள்ளது. அதிகாரம் புதிதாகக் கைக்கு வந்த ஒரு சமூகத்தை நோக்கி, அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவும் இயலுமா என்று கேட்ட நாவலுக்கு அச்செப்பேடு விதையாயிற்று. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றோரின் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதைக் கூறி, இரவிதாசன் என்னும் பெயரையும் தருகிறது. கொலை நிகழ்ந்த விதத்தைக் கூறுவதில்லை. அம்மௌனத்தையே கல்கி கதைமுடிச்சாக்கினார். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகக் குறிக்கப்படும் வல்லவரையர் வந்தியத்தேவர், நாவலில் ஸ்கொட்டின் நாயகனுக்கு நிகரான இடைநிலை மனிதனாக வளர்கிறார். கல்வெட்டு வெறும் பெயரை மட்டும் அளித்ததனாலேயே இச்சுதந்திரம் கிடைத்தது. வமிசாவளியிலிருந்து 'மோகனாங்கி' பெறாத ஒன்றைக் கல்வெட்டிலிருந்து கல்கி பெற்றார்.

கல்கியைப் பின்பற்றிய தொடர்கதைகள் பலவற்றில் இச்சமநிலை பேணப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆவணம் பெருகியது, வினா சுருங்கியது. அரண்மனை, சுரங்கப்பாதை, வாட்போர் ஆகியன எஞ்சின. 'இக்கதை இன்று ஏன் சொல்லப்படுகிறது' என்பதற்கு விடை இல்லாதபோது வரலாறு வெறும் ஒப்பனையாகிவிடுகிறது.

குரோய்டன்: இரண்டு காலங்களின் அகதிகள்

'மோகனாங்கி' எழுந்த அதே ஆண்டுகளில், 1891 முதல் 1894 வரை, ஆர்தர் கொனன் டொயில் குரோய்டனின் தென் நோர்வூட் பகுதியில் டெனிசன் வீதியில் வாழ்ந்தார். ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகள் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன. ஆயினும் வரலாற்று நாவல்களே தம் உயர்ந்த பணி என்று அவர் கருதினார். அதன்பொருட்டே 1893இல் ஹோம்ஸைக் கதையில் மாய்த்தார் என்பதும் நன்கறியப்பட்டது. அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய வரலாற்று நாவலின் பெயர் 'அகதிகள்'. பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1685இல் சீர்திருத்தக் கிறித்தவர்களின் உரிமைகளை நீக்கியபோது நாட்டை விட்டோடிய ஒரு குடும்பம் வட அமெரிக்கக் காடுகளைச் சென்றடைவதே அதன் கதை. அதன் பிற்பாதி கூப்பரின் உலகம். அமெரிக்காவில் பிரான்சும் இங்கிலாந்தும் நிகழ்த்திய போராட்டத்தை எழுதிய பிரான்சிஸ் பார்க்மனின் வரலாற்று வரிசை 1892இல் நிறைவெய்தியிருந்தது. டொயில் பெரிதும் போற்றிய வரலாற்றாசிரியர் அவர்.

இங்கும் ஆவணமே காலத்தைத் தந்தது. வினாவைப் பொறுத்தவரை டொயிலின் நிலை வேறு. 200 ஆண்டுக்கு முந்தைய அகதிகளின் துயர், எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் பாதுகாப்பான தொலைவில் இருந்தது. ஆகவே அந்நாவல் விறுவிறுப்பான பயணக்கதையாக நின்றுவிடுகிறது. ஆவணத்தின் செழுமை மட்டும் வரலாற்று நாவலை உயர்த்திவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'அகதி' என்னும் சொல் குரோய்டனில் பின்னர் வேறு பொருள் கொண்டது. 1970இல் கட்டிமுடிக்கப்பட்ட, வெலஸ்லி வீதியிலுள்ள லூனார் மாளிகை பிரித்தானியக் குடிவரவுத் துறையின் முதன்மை அலுவலகம் ஆயிற்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிவந்த தமிழருள் மிகப் பலர் தம் கதையை அந்நிர்வாகத்தின் முன் கூற வேண்டியிருந்தது. அவர்களுட் சிலர் தொடர்ந்த, சிவகுமாரன் வழக்கு என அறியப்படும் வழக்கில், 1987 இறுதியில் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பு அகதிச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. விண்ணப்பதாரர் உண்மையிலேயே அஞ்சுகிறார் என்பது மட்டும் போதாது. அவ்வச்சத்துக்குப் புறநிலையான ஆதாரம் இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். நாள், இடம், பெயர், வரிசை ஆகியன பிறழாத வாழ்க்கை வரலாறு ஒன்றை, அதாவது ஒரு 'சரித்திரத்தை', சான்றுடன் முன்வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு சமூகமே உள்ளானது.

அச்சமூகத்தின் ஆவணநிலையோ முன்னைய எவருடையதையும் போன்றது அன்று. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. தொடர்ந்த போரில் வீட்டுப் பெட்டிகளில் இருந்த காணி உறுதிகளும் கடிதங்களும் நிழற்படங்களும் இடப்பெயர்வுதோறும் கைவிடப்பட்டன. சரவணமுத்துப்பிள்ளைக்குச் சுவடி நிலையம் இருந்தது. கல்கிக்குக் கல்வெட்டுத் தொகுதிகள் இருந்தன. புலம்பெயர்ந்த நாவலாசிரியருக்கு எஞ்சியது நினைவும், அந்நினைவை ஐயுறும் ஒரு படிவமும்.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இந்நிலையைத் தன் வடிவமாகவே ஆக்கிக்கொண்டது. பிரான்சில் அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பமாக அந்நாவல் தொடங்குகிறது. அடிக்குறிப்புகளும் அதில் இடம்பெறுகின்றன. ஹோதோர்ன் ஆவணத்தைப் புனைந்தது கதைக்கு அதிகாரம் சேர்க்க. ஷோபாசக்தி ஆவணத்தைப் புனைவது, அவ்வதிகாரம் யாரால், எவரிடம் கோரப்படுகிறது என்பதைக் காட்ட. ஒரே உத்தி 150 ஆண்டு இடைவெளியில் நேரெதிர்ப் பணி ஆற்றுகிறது. 'உன் கதைக்குச் சான்று என்ன?' என்பதே இப்போது நிகழ்காலத்தின் வினா. இங்கு ஆவணமும் வினாவும் வேறு வேறு அல்ல. ஆவணம் இன்மையே வினாவாகியுள்ளது.

இந்நிலையில் ஓர் இடரும் உண்டு. ஆவணம் அழிந்த சமூகத்தில் நாவலையே ஆவணமாகக் கொள்ளும் போக்கு எளிதில் தோன்றும். நாவலில் வந்ததனால் நடந்தது என்று ஒரு தரப்பும், நாவல்தானே என்று மறுதரப்பும் கூறும். இரண்டுமே நாவலுக்கும் வரலாற்றுக்கும் ஊறு செய்வன. வந்தியத்தேவனின் குதிரைப் பயணத்தைச் சோழர் வரலாறாக நம்புவதால் பெருங்கேடு விளைவதில்லை. 1983இன் சிறைப் படுகொலையையோ 2009இன் முள்ளிவாய்க்காலையோ புனைவை மட்டும் கொண்டு அறிய முனைந்தால், மறுக்க விரும்புவோர்க்கு அது வாய்ப்பாகும். நாவலின் சுதந்திரம் காக்கப்பட வேண்டுமாயின் ஆவணப் பணி தனியே நடைபெற வேண்டும். இலண்டன் நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் வாயிலாக இ. பத்மநாப ஐயர் 1990களின் பிற்பகுதி முதல் தொகுத்து வெளியிட்ட மலர்களும், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியும் இவ்வகையில் இலக்கிய வரலாற்றுக்கே உரியவை. கல்கிக்கு முன் ஹூல்ட்ஷும் சாஸ்திரியும் பண்டாரத்தாரும் ஆற்றிய பணியை, வேறு வழியில், இவை ஆற்றுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தொடக்ககால நாவலில் வரலாறு முதலில் நம்பகத்தன்மைக்குரிய பெயராகவும் பின்னரே பொருளாகவும் நுழைந்தது. தமிழின் 'சரித்திரங்களும்' அமெரிக்காவின் உண்மைக்கதைகளும் இதில் ஒத்தவை. வரலாற்று நாவல் தெரிந்தெடுக்கும் நூற்றாண்டு, அது எழுதப்பட்ட காலத்தின் ஆவணநிலையால் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. நாயக்கர் காலம் முதலிலும் பல்லவ சோழர் காலம் பின்னரும் தமிழ் நாவலுள் வந்தமைக்கு இதுவே காரணம். ஆயினும் நாவலின் தரத்தைத் தீர்மானிப்பது ஆவணம் அன்று. அதனை நோக்கிக் கேட்கப்படும் நிகழ்கால வினா. இவ்வளவுகோலின்படி 'மோகனாங்கி' காலத்தால் முதலாவது என்னும் சிறப்போடு மட்டும் நினைக்கத்தக்கதன்று. விருப்பம் கேட்கப்படாத பெண்ணை வரலாற்றின் நடுவில் நிறுத்திய வகையில், அது தன் வகையின் இலக்கணத்தையே முதன்முதலில் உணர்ந்த நூலாகும்.

குரோய்டனிலும் அதனையொத்த நகரங்களிலும் வளரும் தலைமுறையில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத முன்வருவோர் எந்தக் கடந்தகாலத்தை எழுதுவர் என்பது, இன்று எவை சேகரிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. முதியோர் வாய்மொழிகளும் குடும்பக் கடிதங்களும் தஞ்ச விண்ணப்பப் பிரதிகளும் பேணப்படுமாயின், அவர்களுக்கு அண்மைக் காலம் திறந்திருக்கும். பேணப்படாவிடின், அச்சில் எளிதாகக் கிடைக்கும் அரண்மனைகளுக்கே அவர்களும் திரும்ப நேரிடும். வரலாற்று நாவலின் எதிர்காலம் குறித்த அக்கறை, ஆகையால், முதலில் சுவடி நிலையம் குறித்த அக்கறையாக இருத்தல் வேண்டும்.